அறளையும் நோயும்

யாழ்ப்பாணத்திலே முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னாலும், உண்டதை மறந்தாலும் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். வழக்குச் சொற்களிலே எனக்குப் பெரும் பற்று உண்டு. ஆயினும் இதனைச் சிறுவர் முன்னிலையிற் கூறுதல் தகாது என்பேன். கேட்கும் பிள்ளை நோயை அறிவதில்லை; நகைக்கவே கற்கின்றது.

'வயது போனால் அப்படித்தான்' என்பதும் பொருந்தாது. 1906ஆம் ஆண்டிலே அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜேர்மனிய மருத்துவர் எடுத்துரைத்த முதல் நோயாளி, மருத்துவமனையிற் சேர்ந்தபோது 51 வயதினரே. எண்பதைக் கடந்தும் நினைவு தளராதார் நம்மிடையே பலர். முதுமையிலே இந்நோய் மிகுதியாக வரும். அதனால் முதுமையே நோயாகிவிடாது.

என் தாயாருக்கு இந்நோய் கண்டு இரண்டாண்டாகின்றது. காலையிற் பிட்டு உண்டு கைகழுவிய சற்று நேரத்தில், "எனக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லை" என்பார். "அப்பாச்சி பொய் சொல்லுறா" என்றாள் என் தம்பியின் எட்டு வயது மகள். பொய்யாவது யாது என்று அவளையே வினவினேன். "தெரிஞ்சுகொண்டு மாத்திச் சொல்லுறது" என்றாள். நல்ல இலக்கணம்! அப்பாச்சிக்கோ தாம் உண்டது தெரியாது. புதியனவற்றைப் பதித்துவைக்கும் மூளைப்பகுதி முதலிலே பழுதுறுவதால் காலையுணவு நினைவில் நிற்பதில்லை. இளமையிற் கற்ற தேவாரம் இன்னும் பிசகாமல் வருகின்றது. ஏட்டிலே எழுத்தாணி படாத இடத்தை எவரேனும் வாசித்தல் கூடுமோ என்று அவளுக்குக் கூறினேன். (சுவடியை உவமை காட்டுதல் பண்டிதர் குணம், எழுதாத கொப்பியைக் காட்டியிருந்தாலும் போதும்.)

அவளுடைய ஐந்து வயதுத் தம்பியோ, நோய் என்றதும் அப்பாச்சியின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தான். பின்னர்த் தனக்கும் தொற்றுமோ என்று அஞ்சினான். ஆதலின் நோய் என்னும் சொல்லோடு நிறுத்தலாகாது. இது தொற்றாது, பிள்ளைகள் செய்த குழப்படியால் வந்ததன்று, அப்பாச்சி சினப்பதும் அவர்கள்மீது கொண்ட வெறுப்பாலன்று. இவற்றை அவர்கள் கேளாவிடினும் சொல்லல் வேண்டும். மருந்தால் மாறிவிடும் என்று மட்டும் தேற்றற்க. முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஒருநாள் அவர் பேரப்பிள்ளைகளின் பெயரையும் மறக்கக்கூடும். அதனையும் முன்னரே அறிவித்துவிட்டோம்.

"அப்ப நான் என்ர பேரைச் சொல்லுவன்" என்றாள் மூத்தவள்.