மின்கட்டணமும் மறுக்கும் அதிகாரமும்

மின்கட்டணம் திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் எத்தனை சதவீதம் ஏறியது, எத்தனை சதவீதம் இறங்கியது என்பதே எம்மிடையே பேசுபொருளாகின்றது. அதனைத் தீர்மானிப்பவர்கள் யார், எந்த அதிகாரத்தின் பேரில் தீர்மானிக்கின்றார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொழும்பு பிரிஸ்டல் ஹோட்டலில் மின்விளக்கு ஒளிர்ந்தது. தனியார் கம்பனியின் வியாபாரமாக வளர்ந்த மின்சாரத்துக்கென அரசாங்கம் 1927 இல் தனித் திணைக்களமொன்றை அமைத்தது. நீர்மின்சாரத்தின் சாத்தியத்தை 1918 இலேயே எடுத்துக்காட்டிய பொறியியலாளர் விமலசுரேந்திர, லக்ஷபான மின் நிலையம் இயங்குவதைக் காண 1950 வரை காத்திருக்க நேர்ந்தது. இலங்கை மின்சார சபை 1969 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது.

எனினும் பல ஊர்களில் வீட்டுக்கு மின்சாரத்தை விநியோகித்து வந்தவை உள்ளூராட்சி சபைகளே. பழுதடைந்த கம்பிகளும் திருட்டு இணைப்புகளும் சபைகளைக் கடனாளிகளாக்கின. விநியோகித்த மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கணக்கில் வராமலே போனது. இதற்குப் பரிகாரமாகவே 1983 இல் லெக்கோ என்னும் கம்பனி அமைக்கப்பட்டது. மின்சார சபை, திறைசேரி, நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றுடன் உள்ளூராட்சி சபைகளும் அதன் பங்குதாரர்கள். நீர்கொழும்பிலிருந்து காலி வரையிலான கரையோர நகரங்களில் மின்சாரம் விநியோகிக்கும் அக்கம்பனியின் இழப்பு பின்னர் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அரசுடைமை என்றாலே நட்டம்தான் என்று வாதிடுவோர் இதனைக் கவனிப்பதில்லை. வடக்கு, கிழக்கு, மலையக மக்களுக்கு இத்தகைய உள்ளூர் ஏற்பாடு எதுவும் கிட்டவில்லை என்பது வேறு விடயம்.

கட்டணத்தை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவிக்கும் நோக்குடன் 2002 இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மின்துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது 2009 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் மூலமே. ஏழாண்டுகள் பெயரளவில் ஓர் ஆணைக்குழு! அதிகாரம் கிடைத்த பின்னரும் நிலைமை உடனடியாக மாறிவிடவில்லை. 2013 இற்குப் பின்னர் 2022 வரை கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. தேர்தல்களை மனதிற்கொண்டு தள்ளிப்போடப்பட்ட சுமை முழுவதும் ஒரே தடவையில் மக்கள் தலையில் இறங்கியது.

2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தது. இச்சதவீதங்கள் உண்மையை மறைக்கின்றன. மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் குடும்பம் முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும், ஆக 105 ரூபா செலுத்தியது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. அதே குடும்பத்தின் பட்டியல் 1300 ரூபா. ஒரு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டின் கதை இது. கட்டணம் குறைக்கப்பட்டது அவ்வாண்டு ஜூலையிலேதான்.

அந்த உயர்வை ஆணைக்குழுவின் அன்றைய தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார்; ஏனைய உறுப்பினர்கள் அங்கீகரித்தனர். 2023 மே 24 இல் பாராளுமன்றம் 77 இற்கு எதிராக 123 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. அவர்மீதான குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்ததா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, அரசாங்கத்துடன் முரண்படும் ஒழுங்குபடுத்துநருக்கு என்ன நேரும் என்பதை நாடு கண்டுகொண்டது.

ஆயினும் நம்பிக்கை முற்றாக அற்றுப்போகவில்லை. கட்டணத்தில் மாற்றம் வேண்டாமென்று மின்சார சபை கோரியபோதும், பொதுமக்களின் கருத்தைக் கேட்டறிந்த ஆணைக்குழு 2025 ஜனவரியில் 20 சதவீதத்தைக் குறைத்தது. ஜூனில் 15 சதவீத உயர்வுக்கு இணங்கிய அதே ஆணைக்குழு, ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை நிராகரித்தது. 2024 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2025 ஆம் ஆண்டின் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைக்க வழிவகுத்துள்ளன. கம்பனிகள் எத்தனை என்பதைவிட, அவை கேட்பதை மறுக்கும் துணிவு ஆணைக்குழுவிடம் எஞ்சியிருக்குமா என்பதே 30 அலகுக் குடும்பங்களின் கவலையாக இருக்கும்.