குரலுக்கு ஓர் இருப்பிடம்

திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) உள்படப் பல சித்திரங்களை ஈன்றது என்பதைப் பலரும் அறிவர். ஆயினும், கொட்டகைத் திரைக்குப் பின்னே மறைந்து நின்று அச்சித்திரங்களுக்கு வாயாக இருந்த ஒலிபெருக்கியை யாரும் நினைப்பதில்லை. நாயகன் திரையின் ஓரத்துக்கு நடந்தாலும் சப்தம் நின்ற இடத்திலேதான் நின்றது. அசையும் உதடுகளைப் பார்த்த கண், காதையும் தன் வழிக்கு இழுத்துக்கொண்டது.

இன்று செல்பேசியிலிருந்து தமிழில் விடையளிக்கும் குரல் உதவியாளர்களுக்கு முகமும் இல்லை, உதடும் இல்லை. அவற்றை நம் அருகில் நிற்பனபோல் தோன்றச் செய்ய விரும்புவோர் காதை மட்டுமே நம்பவேண்டியிருக்கிறது.

வலப்புறம் ஒருவர் பேசினால் அவ்வோசை இடக்காதைச் சற்றுப் பிந்தியே சேர்கிறது. அத்தாமதம் விநாடியில் 1000-இல் ஒரு பங்குக்கும் குறைவாயினும் மூளை அதைத் தவறாமல் கணிக்கிறது. கீச்சென்ற ஒலிகளிலோ, தலையே குறுக்கே நின்று இடக்காதில் சப்தத்தை மங்கச் செய்கிறது. இந்தச் சூட்சுமங்களை 1907-இல் இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கினார். மேலா, கீழா என்பதைச் செவிமடலின் மடிப்புகள் உணர்த்துகின்றன. அம்மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவர் காதுக்கு அமைத்த கணக்கு மற்றவரை ஏமாற்றத் தவறுவதும் உண்டு.

எதிரொலியற்ற அறையில் பதிவான குரலைக் காதுக்கருவியில் கேட்டால், அது மண்டைக்குள்ளேயே பேசுவதுபோலிருக்கும். சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் ஓசைகளைக் கணக்கிட்டுச் சேர்த்தால்தான் குரல் வெளியே வந்து தூரம் பெறும். நாம் தலையைத் திருப்பினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் காதுக்கருவிகளில் இவ்வசதியைச் சேர்த்தது. பேசுபவர் முகம் திருப்பினால் குரலின் கூர்மை குறைவதையும், பேசுமுன் இழுக்கும் மூச்சையும், துணியின் சரசரப்பையும் சேர்த்துவிட்டால் பிரமை பூரணமாகும்.

தோளருகே மூச்சுவிடும் யந்திரம் யாருக்கு வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது; எனக்கு வேண்டாம். ஆனால், பார்வையற்றோர்க்காக மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்னும் செயலி, 'இடப்பக்கம் திரும்பு' என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக, சேரவேண்டிய இடத்தின் திசையிலிருந்தே ஓர் ஓசை அழைப்பதாகக் கேட்கச் செய்தது. அத்தகைய வித்தை சேலம் பேருந்து நிலையத்துக்கு வருமானால், பஸ்ஸின் ஹாரனையும் நடத்துனரின் கூவலையும் தடுக்காதபடி செவித்துளையைத் திறந்தே விடும் கருவி ஒன்றும் உடன் வரவேண்டும்.