இல்லத்திலிருந்து எழும் குரல்

கூட்டுறவின் முதல் இலக்கணம் கூடுதல். ஆனால் கூடுமிடத்திற்கு வர இயலாத அங்கத்தினர் என் செய்வார்? இவ்வினா சங்கப் பேரவைக்கு மட்டும் உரியதன்று. உரிமைக் கிளர்ச்சிகளுக்கும் உரியது. மாற்றுத்திறனாளிகள் பலர் ஊர்வலத்திற்கும் மறியலுக்கும் வாராமல், கடிதம், கைப்பேசி, மின்னஞ்சல் ஆகியவற்றின் வாயிலாக வீட்டிலிருந்தே போராட்டங்களில் பங்கு கொள்கின்றனர். இதுவும் ஒரு போராட்டமா என ஐயுறுவோர் உளர். ஆகவே, இதன் காரணங்களைச் சிறிது ஆராய்வோம்.

முதற் காரணம் வழி. படப்பையில் வாழும் ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் முறையிட வேண்டுமாயின், ஒரகடமும் வாலாஜாபாத்தும் கடந்து காஞ்சிபுரம் சேர வேண்டும். படி உயர்ந்த பேருந்தில் சக்கர நாற்காலியை ஏற்றுதல் அரிது. தனி வண்டி அமர்த்தினால் பெருஞ்செலவு.

இரண்டாவது துணை. உடன் வருபவர் தாயோ மனைவியோ ஆவர். ஒருவர் முழக்கமிடச் சென்றால் இருவர் கூலி போகும்.

மூன்றாவது உடல். தீராத நோயும் நோவும் உடையோர்க்கு ஒரு நாள் வெயிலில் அமர்ந்தால் பல நாள் படுக்கை.

நான்காவது போராட்டக் களமே. ஏற்ற கழிப்பிடம் இராது; காது கேளாதோர்க்குச் சைகைமொழி இராது; நெரிசல் ஏற்படின் விரைந்து விலகவும் இயலாது.

இவற்றை எண்ணாமல், வாராதவரை அக்கறையற்றவர் எனக் கணக்கிடுதல் நியாயமன்று.

வீட்டிலிருந்து எழுப்பிய குரல் பயன் தருமா? அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று விடை கூறும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாற்றுத்திறனாளியைப் பிறர் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை என அதன் 92ஆம் பிரிவு விதிக்கிறது. 2020 ஜூலைத் தொடக்கத்தில் மத்திய அரசின் துறை ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. இழிவுபடுத்தல் உள்ளிட்ட சில குற்றங்களை வழக்கு விசாரணையின்றி இணக்கமாகத் தீர்த்துக்கொள்ள அது வழி செய்தது. இதனால் சட்டத்தின் பல்லே பிடுங்கப்படும் என மாற்றுத்திறனாளிகள் அஞ்சினர். கருத்துரைக்க ஜூலை 10 வரையே அவகாசம். கொரோனாக் காலமாதலின் ஒன்றுகூடவும் இயலாது.

ஆயினும், நாடெங்குமுள்ள அமைப்புகளும் தனிப்பட்டோரும் இல்லத்திலிருந்தே மறுப்புரைகளை எழுதிக் குவித்தனர். அம்மாதத்திலேயே திருத்தம் கைவிடப்பட்டது. அன்று நாட்டில் அனைவரும் வீட்டினுள் இருந்தமையால், "நீர் ஏன் நேரில் வரவில்லை?" என்று கேட்பார் எவருமிலர். எழுதிய பொருள் மட்டுமே எடைபோடப்பட்டது.

பிற நாடுகளிலும் இத்தகைய முறைகள் உண்டு. நாட்பட்ட சோர்வு நோயால் வீட்டில் முடங்கியோர்க்காக 2016 மே 25 அன்று அமெரிக்கா முதலிய நாடுகளில் ஒரு கிளர்ச்சி நடைபெற்றது. வர இயலாதோரின் வெற்றுக் காலணிகள் பொது இடங்களில் வரிசையாக வைக்கப்பட்டன. வாராதவரும் எண்ணிக்கையில் சேர்ந்தனர்.

நிற்க. வீட்டுக் குரல் வீதிக்கு மாற்று என்று நாம் கூறவில்லை. உதவித்தொகையை உயர்த்தக் கோரித் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் பன்முறை சாலையில் அமர்ந்து மறியல் செய்துள்ளனர். இயன்றவர் வீதிக்கு வருகின்றனர். இயலாதவர் இல்லத்திலிருந்து சேர்கின்றனர். இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு கைகள். கைப்பேசியும் இல்லாதவர் இன்னமும் கணக்கில் வாராமலே உள்ளனர் என்பதையும் மறத்தலாகாது.

அரசும் இந்நெறியை ஏற்றுள்ளது. 2021ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் விண்ணப்பித்தால், அலுவலர் வீடு தேடி வந்து அஞ்சல் வாக்கைப் பெற்றனர். வீட்டில் அளித்தமையால் அவ்வாக்கின் மதிப்பு குறையவில்லை.

நெசவாளர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? சங்கம் பாவும் ஊடையும் தருகிறது; அங்கத்தினர் தம் வீட்டுத் தறியில் நெய்து தருகிறார். சங்கக் கட்டடத்தில் அமர்ந்து நெய்யவில்லையே என்று எவரும் துணியைத் தள்ளுவதில்லை. நெருக்கமும் அளவும் சரியா என்றே பார்க்கிறோம். குரலையும் அவ்வாறே அளத்தல் முறையாகும்.

ஆகவே, நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், கோரிக்கை மனு ஒன்று அனுப்பும்போது மூன்று செயல்களைக் கடைப்பிடிக்கலாம். வர இயலாத அங்கத்தினரின் பட்டியலை முன்கூட்டியே வைத்திருத்தல். மனுவை அவர் இல்லத்திற்கு எடுத்துச் சென்று, படித்துக் காட்டி, அவர் ஒப்பினால் கையொப்பமோ கைந்நாட்டோ பெறுதல். அவர் கூறும் திருத்தத்தையும் கூட்டத்தில் படித்தல். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு மிதிவண்டியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினர் படுக்கையில் இருந்தாலும் அங்கத்தினரே.