நாட்பட்ட குருதிப் புற்றும் நாள் தவறாத மாத்திரையும்

இரண்டு கவளம் சோறு உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். இடப்பக்க விலாவின்கீழ் ஏதோ கனக்கும். கற்பிட்டியிலோ உடப்பிலோ கரைவலை இழுப்பவர் அதை வேலைக் களைப்பென்றும் வாயுவென்றும் எண்ணி மாதக்கணக்கில் கழித்துவிடலாம். கனப்பது மண்ணீரல். அளவிறந்து பெருகிய வெண்குழியங்களால் அது வீங்கியிருக்கும். நாட்பட்ட மைலாய்டு குருதிப் புற்று பெரும்பாலும் இவ்வாறே ஓசையின்றித் தொடங்குகிறது.

என்பு மச்சையின் மூலக்குழியம் ஒன்றில் 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதே இதன் வேர். குறுகிப்போன 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டறிந்தனர். துண்டுகள் இடம்மாறியதை 1973இல் ஜேனட் ரௌலி விளக்கினார். இந்நோய் பெற்றோர்வழி வருவதன்று, தொற்றுவதுமன்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைமீது பழிபோடத் தோன்றும். ஆயினும் ஐயமற நிறுவப்பட்ட புறக்காரணி மிகுந்த கதிர்வீச்சு ஒன்றே. அதுவும் மிகச் சிலருக்கே பொருந்தும்.

கவனியாது விட்டால் குருதிச்சோகை, தொற்று, குருதிக்கசிவு என இடர்கள் தொடரும். முடிவில் முதிராக் குழியங்கள் பெருகும் கொடுங்கட்டம் வரும். அதன்பின் ஓராண்டு வாழ்வதே பலருக்கு அரிது.

2001இல் பயன்பாட்டுக்கு வந்த இமாட்டினிப் இந்த நிலையை மாற்றியது. நிறமூர்த்தத் துண்டுகள் இடம்மாறியதால் உருவாகி நோயை வளர்க்கும் பழுதுற்ற புரதம் ஆற்றல் பெறும் இடத்தில் அம்மருந்து போய் அடைத்துக்கொள்கிறது. பெரிய ஆய்வொன்றில் அதனை உண்டோருள் 83 விழுக்காட்டினர் பத்தாண்டு கடந்தும் உயிர்வாழ்ந்தனர். முன்பு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்நாளாகக் கொள்ளப்பட்ட நோய் இது!

இன்று நோயினும் அஞ்சத்தக்கது மாத்திரையைத் தவறவிடுதலே. பத்தில் ஒன்றுக்கு மேல் தவறவிட்டோரிடம் நோய் நன்கு அடங்கவில்லை என்று 2010இல் லண்டன் ஆய்வொன்று காட்டியது. தவறுவதற்கும் காரணமுண்டு. காலையில் கண்ணிமை வீங்கும், இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வயிறு குமட்டும். நலமாயிருப்பவருக்கு மருந்தே நோயெனப் படும். உணவோடும் கோப்பை நிறைந்த நீரோடும் உண்டால் குமட்டல் குறையும். எஞ்சிய தொல்லைக்கு மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மாற்று மருந்துகளுக்கும் தனித்தனிக் குறைகள் உள. டசாட்டினிப் நுரையீரல் உறையில் நீர் சேர்க்கலாம். நிலோட்டினிப் நாடிகளை அடைக்கலாம்.

பல ஆண்டுகள் நோய் ஆழ அடங்கியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்தியும் நலமாயிருக்கின்றனர். மற்றையோருக்கு நோய் தலைகாட்டினாலும், மருந்தை மீளத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தாமாக நிறுத்துவோருக்கு இக்காப்பு இல்லை.

ஆகவே பருவம் மாறி வேறு கரையில் வாடி போடப் புறப்படுவோர், திரும்பும் நாள்வரைக்கும் போதிய மாத்திரைகளை எண்ணி எடுத்துச் செல்லுங்கள். அடுத்த குருதிச் சோதனைத் திகதியை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.