உங்களுக்குத் தெரியுமா? பழைய டர்போ காருக்கு முதல் தேவை குளிர்ச்சி

டர்போசார்ஜரின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அழுத்தப்படும் காற்று சூடாகி அடர்த்தி குறைவதால்தான், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைக்கிறார்கள். ஆகவே பழைய காரில் முதல் செலவு எண்ணெய், ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர், இன்டர்கூலர் ஆகியவற்றுக்கும், பாதுகாப்புக்காக பிரேக், டயர் ஆகியவற்றுக்குமே போக வேண்டும். உப்புக் காற்று வீசும் அந்தமானின் திக்லிபூரில் பிரேக் குழாய்களில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம்.

“குறைந்த செலவில் இசியூ (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) ரீமேப் செய்தாலே திறன் கூடுமே?” என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் தேய்ந்த கிளட்ச் வழுக்கும், வெடிப்பு விட்ட ஹோஸ் பிய்யும், வெப்பம் பிஸ்டனையே பதம் பார்க்கும். அந்தத் திறனைக் காட்டவும் இங்கே இடம் குறைவு: திக்லிபூரில் முடியும் அந்தமான் டிரங்க் சாலையில், ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை வாகனங்கள் அணிவகுத்தே கடக்க வேண்டும், முந்திச் செல்லத் தடை உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது. நீண்ட சாலையில் நடுவழியில் நிற்காமல் ஊர் சேர்க்கும் மேம்பாடே உண்மையான மேம்பாடு.