அறுத்த பின் நெல்லுக்கு நேர்வது என்ன?

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் அடுத்தடுத்து இரு வயல்கள் உள்ளன எனக் கொள்வோம். விதை ஒன்று, இட்ட பசளை ஒன்று, நீர் பாய்ந்த வாய்க்காலும் ஒன்று. இரண்டும் ஒரே வாரத்தில் அறுக்கப்பட்டன. ஆயினும் ஆலையில் குற்றும்போது ஒருவருடைய நெல் முழு அரிசியாகவும், மற்றவருடையது பாதிக்குப் பாதி குறுணலாகவும் இறங்குவதுண்டு. இத்தகைய வேற்றுமையைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். குறையை ஆலைக்காரர் மேல் சுமத்துவது வழக்கம். சில வேளைகளில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மணி உடைந்தது ஆலையில் அன்று. களத்திலேயே அது வெடித்துவிட்டது. உமிக்குள் மறைந்திருந்தமையால் கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே.

அறுவடையுடன் கமக்காரனுடைய வேலை முடிந்ததாக நாம் எண்ணுகிறோம். நெல்மணியோ அறுத்த பின்னும் உயிருடனேயே இருக்கிறது. அது சுவாசிக்கிறது, சுவாசிக்கும்போது வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. ஈரம் மிகுந்திருந்தால் இச்சுவாசம் விரைவாகவும், குறைந்திருந்தால் மெதுவாகவும் நடைபெறும். கதிரில் நூற்றுக்கு 80 முதல் 85 வரையான மணிகள் வைக்கோல் நிறம் அடைந்த பருவமே அறுவடைக்கு உகந்தது. அப்பருவத்தில் நெல்லின் ஈரப்பதன் 20 முதல் 24 சதவீதம் வரை இருக்கும். பல மாதங்கள் கெடாது வைத்திருக்க வேண்டின் அது 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள நாட்களிலேதான் ஒரு போகத்தின் உழைப்பு நிலைப்பதும் கெடுவதும் தீர்மானிக்கப்படுகின்றன.

முற்காலத்தில் இந்நாட்கள் தாமாகவே கிடைத்தன. அரிவாளால் அறுத்த தாள் வயலிலே கிடந்து காய்ந்தது. பின்பு கட்டப்பட்டுச் சூடு வைக்கப்பட்டது. சில வாரங்கள் கழிந்த பின்னரே மாடுகளைக் கொண்டு சூடு மிதித்தார்கள். அம்முறையிலும் கேடுகள் இல்லாமலில்லை. மழை நனைத்த சூடு உள்ளே வெந்து போனதைப் பெரியவர்கள் நன்கறிவர். ஆயினும் களத்துக்கு வந்த நெல் பெரும்பாலும் காய்ந்த நெல்லாகவே இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. அந்நெல் காலையில் பயிரில் இருந்த ஈரத்துடனேயே நண்பகலில் சாக்குக்குள் இருக்கிறது. இயந்திரத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆட்கள் கிடைக்காத இக்காலத்தில் அதுவே துணை. ஆனால் சூடு செய்துவந்த உலர்த்தும் வேலையை அது செய்வதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஈர நெல் கட்டிய மூடைக்குள் ஓர் இரவு கழிந்து கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரியும். அவ்வெப்பம் தொடருமாயின் அரிசி மஞ்சள் நிறம் கொள்ளும், பூஞ்சணம் பற்றும், சமைத்தாலும் நீங்காத ஒரு வாடை ஏறும். மஞ்சள் நிறம் ஏறிய அரிசியை எவ்வகை ஆலையாலும் வெள்ளையாக்க முடியாது. ஆகவே அறுத்த 24 மணி நேரத்துக்குள் நெல்லைப் பரப்பிவிடுதல் வேண்டும். வெயில் இல்லாவிடினும் பாதகமில்லை. மூடையை அவிழ்த்துக் கூரையின் கீழ் மெல்லியதாகப் பரப்பிக் கிளறுதலே மூடையில் விடுவதினும் நன்று.

ஈர நெல்லை விற்பதா, உலர்த்தி விற்பதா?

களம் இல்லை, படங்கு இல்லை, கடன் காத்திருக்கிறது என்ற காரணங்களால் வயல் வரம்பிலேயே ஈர நெல்லை விற்போர் பலர். அவர்களைப் பிழை கூறுவதற்கில்லை. எனினும் விற்குமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் அவசியம். 20 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 200 கிலோ நீர். எஞ்சிய 800 கிலோவே நெல். அதனை 14 சதவீதம் வரை உலர்த்தினால் எடை 930 கிலோவாகக் குறையும். அதாவது 100 கிலோவுக்கு இழப்பு 7 கிலோ மட்டுமே. 24 சதவீத ஈரத்தோடு அறுத்திருந்தால் 100 கிலோ 88 கிலோவாகும்.

நெல் சந்தைப்படுத்தும் சபை உலர்ந்த நெல்லுக்கு வைத்துள்ள எல்லையும் 14 சதவீத ஈரப்பதனே. 2025 பெப்ரவரியில் உலர்ந்த நாட்டரிசி நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபா. அவ்விலையில் 930 கிலோ 1,11,600 ரூபா பெறும். ஆகவே 20 சதவீத ஈர நெல்லுக்கு ஏறக்குறைய 111 ரூபா 60 சதமே ஒத்த விலை. வியாபாரி அதைவிடச் சிறிது குறைத்துக் கேட்டால், உலர்த்தும் கூலியை எண்ணி ஒப்புக்கொள்ளலாம். மிகவும் குறைத்துக் கேட்டால், அவர் கழிப்பது நீருக்கு மட்டுமன்று என்பதை அறிந்துகொள்க. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், கணக்கு மாறாது.

வெயிலும் மாசிப் பனியும்

விரைவாக உலர்த்தினால் போதும் என்று எண்ணி, நண்பகல் வெயிலில் தார் வீதியின் மேல் நெல்லைப் பரப்புவது எங்கும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. வீதியால் வரும் ஆபத்து வாகனமும் மண்ணும் மட்டுமல்ல. தார் மிகையாகச் சூடேறும்போது மணியின் வெளிப்புறம் விரைந்து உலர்ந்து சுருங்குகிறது. உட்புறம் ஈரமாகவே நிற்கிறது. இவ்விழுபறியில் அரிசி குறுக்கே வெடிக்கிறது. விதைநெல்லாயின் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் முளைத்திறனையும் கெடுத்துவிடும்.

சீமேந்துக் களத்திலோ படங்கின் மேலோ 3 அல்லது 4 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்புக. அரை மணிக்கு ஒரு முறை காலாலோ பலகையாலோ கிளறுக. உச்சி வெயிலில் நெல்லைச் சற்றுக் குவித்து மூடிவைத்து, வெயில் தணிந்தபின் மறுபடியும் பரப்புக. இவ்வாறு ஆறவிடும்போது மணியின் உள்ளீரம் மெல்ல வெளிப்புறத்துக்கு வந்து சேரும். இது சோம்பலால் வந்த இடைவேளை அன்று. உலர்த்தலின் ஒரு பகுதியே.

இதனினும் முக்கியமானது இரவு. பெரும்போக நெல் நம் பகுதியில் களத்துக்கு வருவது மாசி, பங்குனியை ஒட்டியே. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். முக்கால்வாசி உலர்ந்த நெல்லை இரவில் வெளியில் விட்டால் அது பனியை உறிஞ்சுகிறது. காய்ந்த மணி மீண்டும் நனையும்போதுதான் மிகுதியாக வெடிக்கிறது. காலையில் கை வைத்துப் பார்த்தால் நெல் மாறவில்லை போலத் தோன்றும், ஆலையில்தான் தெரியவரும். நன்கு பேணிய 100 கிலோ நெல்லில் உமியும் தவிடும் போக 65 முதல் 70 கிலோ அரிசி கிடைக்கக்கூடும். வெடித்த நெல்லிலும் மொத்த எடை ஏறக்குறைய அதுவே. ஆனால் முழு மணி குறைந்து குறுணல் பெருகும். குறுணலுக்கு அரிசியின் விலை இல்லை. ஆகவே பொழுது சாயுமுன் குவித்து மூடுதல் வேண்டும்.

கோப்பி காட்டும் பாடம்

மன்னார்க் கரைக்கும் கோப்பிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் இக்கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளையை நோக்கி நடந்தே சென்றனர். அத்தோட்டங்களில் பறித்த கோப்பிப் பழத்தின் தோலை நீக்கி, பசையைப் புளிக்கவைத்துக் கழுவி, கொட்டையை அதனைச் சூழ்ந்த தோட்டுடனேயே ஓரளவு உலர்த்தினார்கள். ஈரலிப்பான மலைநாட்டில் முற்றாக உலர்த்துதல் எளிதன்று. ஆதலின் தோட்டுடனேயே கொழும்புக்கு அனுப்பி, அங்குள்ள பண்டசாலைக் களங்களில் மறுபடியும் காயவைத்த பின்னரே தோட்டை நீக்கினார்கள். தோடு இருக்கும்வரை கொட்டை காற்றின் ஈரத்திலிருந்தும் வாடையிலிருந்தும் ஓரளவு காக்கப்பட்டது. நெல்லுக்கு உமி எதுவோ, கோப்பிக்குத் தோடு அது. நெல்லாக வைத்திருப்பது நெடுநாள் நிற்பதும், அரிசியாக்கி வைத்தால் விரைவில் வண்டு விழுவதும் இக்காரணம் பற்றியே.

மற்றொரு செய்தியும் கேட்கத்தக்கது. பாய்க்கப்பல் காலத்தில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கோப்பி, மாதக்கணக்கில் கடற்காற்றை உறிஞ்சிப் பருத்து, பச்சை நிறம் இழந்து வெளிறியது. சுவையின் புளிப்பும் குறைந்தது. 1869-ல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, நீராவிக் கப்பல்கள் விரைந்து செல்லத் தொடங்கியபின் கோப்பி பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. பழைய சுவைக்குப் பழகிய வட ஐரோப்பியர் அதை விரும்பவில்லையாம். ஆகவே மலையாளக் கரையில் பருவமழைக் காலத்தில் திறந்த கொட்டகைகளில் கோப்பியைப் பரப்பி, வேண்டுமென்றே ஈரக்காற்றை ஊட்டும் முறை ஏற்பட்டது. 2008-ல் அக்கோப்பிக்கு இந்தியாவில் புவியியற் குறியீடும் வழங்கப்பட்டது. கடற்காற்று மட்டுமே ஒரு விளைபொருளின் நிறத்தையும் சுவையையும் மாற்றவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அங்கே அது அளந்து செய்யப்படுகிறது. நம் வீட்டு மூடைக்கு நேர்வது அப்படியன்று.

கடலோர வீட்டில் களஞ்சியம்

எருக்கலம்பிட்டி போன்ற தீவுக் கிராமங்களில் வாழ்ந்து, பெருநிலப் பரப்பில் வயல் செய்வோர், தாம்போதி கடந்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருகையில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நெல் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தானும் மாறும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதமாயின் நெல் ஏறக்குறைய 14 சதவீதத்தில் நிலைகொள்ளும். காற்று அதனினும் ஈரமானால் நெல்லும் ஈரமாகும். ஆகவே ஒரு முறை உலர்த்திவிட்டோம் என்று மறந்திருத்தல் இங்கே இயலாது.

உப்பு ஏற்றிய சாக்கில் நெல்லைக் கட்டாதீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் அச்சாக்கு ஒருபோதும் முற்றாக உலராது. கருவாடு வைத்த அறையிலும் நெல்லை வைத்தல் தகாது. வாடையை ஏற்பதில் அரிசியும் கோப்பியும் ஒன்றுதான். மூடைகளை வெறுந்தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்குக. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, 2009-க்குப் பின் திரும்பிவந்து புதிதாக வீடு அமைத்த குடும்பங்கள் இங்குப் பல. முன்னோர் வீட்டில் கொம்பறைக்கு இடம் இருந்தது. இன்றைய சிறு வீட்டில் படுக்கையறை மூலையே களஞ்சியமாகிறது. அத்தகையோருக்குக் காற்றுப் புகாத தடித்த பொலித்தீன் உட்பை பெரிதும் உதவும். உள்ளிருக்கும் நெல்லும் பூச்சிகளும் பிராணவாயுவைச் செலவிட்டபின் அந்துப்பூச்சியும் வண்டும் மடியும், வெளியீரமும் நுழையாது. ஆனால் நன்கு உலர்ந்த நெல்லையே அதில் கட்டலாம். ஈர நெல்லைக் கட்டினால் கேடு இரட்டிப்பாகும்.

வீட்டில் நெல் அவிப்போர் கவனிக்கவேண்டியது ஊறவைக்கும் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிய நெல் புளித்து நாறும். கொதிக்காத சுடுநீரில் நாலைந்து மணி நேரம் ஊறினாலே போதும், வாடையும் இராது. செத்தல் மிளகாயும் பூஞ்சணம் பிடித்தால் உண்ணத்தகாத நஞ்சைக் கொள்ளும். அதனையும் மண்ணில் போடாது படங்கில் காயவைக்கவும். சின்ன வெங்காயத்தின் தாள் கழுத்துவரை காய்ந்தபின்பே பிடியாகக் கட்டித் தொங்கவிடுக.

ஈரப்பதன் மானி இல்லாதோர் ஒரு சோதனை செய்யலாம். உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, பாதி நிறையும்வரை நெல்லைச் சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்குக. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கையில் உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது. மறுபடியும் வெயிலில் இடவேண்டும். வறுக்காத உப்பு இக்கரையில் எப்போதும் ஈரமாகவே இருக்குமாதலால் வறுத்தலைத் தவிர்க்கலாகாது.

விதைநெல்லை இதனினும் நன்றாக, 12 அல்லது 13 சதவீதம் வரை உலர்த்துக. ஒரு சதவீத ஈரம் குறைய விதையின் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். விதைக்கு முன் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். 85-க்குக் குறைவாக முளைத்தால், விதைப்புக்கு நாள் இருக்கும்போதே கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் கண்டு வேறு விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ளவும்.