ஆடு நம்முடையது, எடை யாருடையது?

வியாழக்கிழமை விடிவதற்குள் அய்யலூர் ஆட்டுச் சந்தை கூடிவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில் பேர்பெற்ற சந்தை அது. தீபாவளி நெருங்கினால் வியாபாரம் கோடியைத் தாண்டியதாகச் செய்தி வரும். அந்தக் கோடியில் நம் சேரிப் பெண்கள் வளர்த்த ஆடுகளும் உண்டு. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் சந்தைக்குக் கொண்டுவருவது, வீட்டு வாசலிலேயே வாங்கிவிட்ட தரகர்கள்.

நிலமில்லாத நமக்கு ஆடுதான் சேமிப்பு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் கிடாயைத்தான் அவிழ்க்கிறோம். செலவு வரும் நாள் சந்தை நாளாக இருப்பதில்லை. ஒற்றை ஆட்டுக்கு வண்டி வைத்தால் வாடகை கட்டாது. சிலர் அதே தரகரிடம் முன்பணமும் வாங்கியிருப்பார்கள். அப்புறம் அவர் சொன்னதே விலை.

அவர் ஆட்டின் முதுகை அழுத்திப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். “பதினேழு கிலோ தேறும்” என்பார். வாரம் நூறு ஆடு பிடிக்கிற கை அது. ஆண்டுக்கு இரண்டு ஆடு விற்கிற நம்மால் மறுத்துப் பேச முடிவதில்லை.

ஆடு உண்மையில் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி விழும். 3 கிலோ குறைத்துச் சொன்னால் ஒன்றேகால் கிலோ கறிக்கு மேல் போய்விடும். கறி கிலோ 800 ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய் நஷ்டம். தோல், தலை, கால், குடல் கணக்கு தனி.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். அடுத்தவர் வயலில் ஆடு வாய் வைத்தால் ஏச்சும் அபராதமும் நமக்கு. பணமுடைக்குக் கைநீட்ட இன்னொரு இடம் இல்லாததும் நமக்குத்தான். பேரம் பேசாமல் தலையாட்டும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

2011இல் நிலமற்ற ஏழைப் பெண்களுக்கு 4 ஆடுகள் வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஆடு வந்தது, தராசு வரவில்லை. சந்தைக்குள் நுழையும் ஆட்டுக்குச் சுங்கம் வசூலிக்கிறார்கள். வசூலிக்கும் இடத்தில் ஒரு எடை மேடை வைக்கச் சொல்லிப் பேரூராட்சியிடம் கோரிக்கை வைப்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். மகளிர் குழு சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கலாம். ஐந்தாறு வீட்டு ஆடுகளைச் சேர்த்து ஒரே வண்டியில் சந்தைக்கு ஏற்றலாம். படிக்கிற பிள்ளைகள் எடையை நோட்டில் எழுதிக் கொடுக்கட்டும். எடை தெரிந்த பிறகு விலை பேசுவோம்.